கசாப்புக் கடைத் தாளம்

வெட்டுக்கத்தியும் கையுமாக நிக்கனோர் ரிப்பேர் கடைக்குள் நுழைந்ததைப் பார்த்து, கிரிசெல்தா நாற்காலியோடு பின்சுவரில் போய் ஒட்டிக்கொண்டாள்.

"பயப்படாத. கறி வெட்டிக்கிட்டு இருந்தேன், அவசரத்துல இதுவும் கையோட வந்துருச்சு" என்று கத்தியை மேஜைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் தன் பழைய வாக்மேனையும் வைத்தார். "ஆனா இதுக்கு நீ பயந்துதான் ஆகணும். என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"இடது காதுல கேக்கலைன்னீங்க. அறுந்த ஒயரைப் பத்த வச்சேன். இப்ப கேக்குதா இல்லையா?"

"கேக்குது. ரெண்டு காதுலயும் அக்கிரமம் கேக்குது. பாட்டு ஏன் நாய் துரத்துற மாதிரி ஓடுது?"

கிரிசெல்தாவின் முகம் மலர்ந்தது. "அதுவா அண்ணே! மோட்டார் ரொம்ப மந்தமா சுத்துச்சு. பெல்ட்டும் தொங்கிப்போச்சு. புது பெல்ட் போட்டு, வேகத்தையும் சரியா வச்சுட்டேன். உங்க வீட்டுக் கல்யாணமாச்சே, காசு வேணாம்னு சும்மாவே பண்ணினேன்."

நிக்கனோர் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார். அவர் உடம்புக்கு அந்த ஸ்டூல் முனகியது.

கிரிசெல்தா துறைமுக ஊரான வெராக்ரூஸில் பிறந்து வளர்ந்தவள். அங்கே பாட்டு துள்ளும். புருஷன் வேலைக்காக மான்டெரே நகரத்துக்கு வந்து, எங்கள் இந்தெபெந்தென்சியா பேட்டையில் வாக்மேன், டேப் ரிப்பேர் கடை போட்டு ரெண்டே மாதம். அவள் கையில் ஒரு சோதனை கேசட் உண்டு. அதில் ஒரே சீராக ஒரு கூவல் மட்டும் இருக்கும். அந்தக் கூவல் இம்மி பிசகாமல் வரும்வரை எந்த மெஷினையும் வெளியே விடமாட்டாள். வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஆச்சரியம், இந்தப் பேட்டையில் எல்லா மெஷினும் மந்தமாகவே ஓடுகிறதே, ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லையே என்று.

உறைக்காமல் என்ன? எங்கள் பக்கம் கும்பியா என்கிற ஆட்டப்பாட்டை அவசரமாகக் கேட்கிற வழக்கமே கிடையாது. எப்போதோ ஒரு வீட்டு விசேஷத்தில் டேப் மோட்டார் சூடேறித் தளர்ந்து, பாட்டு இழுத்துக்கொண்டு போனதாம். 'அட, இதுல்ல ஆட்டம்!' என்று ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் அக்கார்டியன்கள் வயிறு முட்டச் சாப்பிட்டவன் மேடு ஏறுவதுபோல்தான் வாசிக்கும். வந்து கொஞ்ச நாளே ஆனவளிடம் இதை யாரும் சொல்லவில்லை. காற்று வீசும் என்று யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

"நாளைக்கு என் பொண்ணு யாதிராவுக்குக் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை ஆடி முடிச்சதும், நான் சம்பந்தியம்மாவோட ஆடணும். சம்பந்தி யாரு தெரியுமா? தோமித்திலா!"

தோமித்திலாவைத் தெரியாதவர்கள் இல்லை. பேட்டையின் ஆட்டக்காரி. நிச்சயதார்த்தத்தன்று நிக்கனோரின் கால்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொண்ணு லட்சணமா இருக்கு. ஆனா அப்பனைப் பாத்தா பேரப்பிள்ளைங்க எப்படி ஆடுமோன்னு கவலையா இருக்கு" என்று சபையில் சொன்னவள்.

"மூணு மாசமா, கடைல கறி வெட்டுறப்பல்லாம் காதுல இதை மாட்டிக்கிட்டுப் பழகினேன். நாளைக்கு இதையே ஸ்பீக்கர்ல சொருகி ஆடுறதா ஏற்பாடு. இப்ப நீ ஓட்டுற வேகத்துக்கு நான் ஆடினா முதல்ல சம்பந்தியம்மா கால் போகும், அப்புறம் என் மானம் போகும்."

"ஸ்பீக்கர்காரர்கிட்ட மெதுவான பாட்டு இருக்குமே அண்ணே?"

"அவன் மெதுவு வேற, என் மெதுவு வேற! இன்னொண்ணும் சொல்றேன் கேளு. இந்தக் கேசட்ல நடுநடுவுல ஒருத்தன் பேட்டைக்காரங்க பேரெல்லாம் சொல்லி வாழ்த்துவான். என்ன கம்பீரமான குரல்! மீசை வச்ச ஆளுன்னு நெனச்சிருந்தேன். காலைல கேக்குறேன், மூக்கு ஒழுகுற பொடிப்பய பேசுறான்!"

கிரிசெல்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கடை போட்டு ரெண்டே மாதத்தில் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்று பெயர் வாங்கினால் அப்புறம் எந்த வாசலில் போய் நிற்பது?

"பழைய பெல்ட்டையே திருப்பி மாட்டிடறேன்" என்று குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். காலி. குப்பை லாரி விடியற்காலையிலேயே வந்து போயிருந்தது.

வாக்மேனைத் திறந்தாள். மோட்டாரின் முதுகில் உள்ள சின்ன ஓட்டைக்குள் ஊசிமாதிரி திருப்புளியை விட்டு வேகத்தைக் குறைத்தாள். "இதுவா?"

நிக்கனோர் எழுந்து ஆடிப்பார்த்தார். "சவ ஊர்வலத்துக்குப் போற மாதிரி இருக்கு. கொஞ்சம் ஏத்து."

ஏற்றினாள்.

"இப்ப பஸ்ஸைப் பிடிக்க ஓடுற மாதிரி இருக்கு."

"எவ்வளவு வேணும்னு சொல்லுங்கண்ணே."

"அக்கார்டியன் அழணும். ஆனா நல்லா சாப்பிட்டுட்டு அழணும்."

இப்படியே நண்பகல் ஆயிற்று. திருகத் திருக, எது சரி என்பதே அவருக்கு மறந்துபோனது. ஆடி ஆடி ஸ்டூலை உதைத்தார், மேசையிலிருந்து ஒரு டப்பா திருகாணிகளைத் தட்டிவிட்டார். வாசலில் கூடியவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "அண்ணே, பேசாம கால் சுளுக்கிடுச்சுன்னு சொல்லிடுங்க" என்றான் ஒருவன். நிக்கனோர் உண்மையிலேயே அதை யோசிக்கத் தொடங்கினார்.

கீழே சிதறிய திருகாணிகளைப் பொறுக்கி நிமிர்ந்த கிரிசெல்தாவின் கண், மேஜைமேல் கிடந்த வெட்டுக்கத்தியில் நின்றது.

"அண்ணே, கறி வெட்டுறப்பதானே பழகினீங்க?"

"ஆமா."

"அப்ப கத்தியும் பாட்டோட சேந்துதானே விழும்?"

"பாட்டு ஓடுறப்ப கத்தி வேற எப்படி விழும்?"

"எந்திரிங்க. உங்க கடைக்குப் போலாம்."

கசாப்புக் கடையில், நாளைய விருந்துக்கான ஆட்டுக்குட்டிகள் கொக்கியில் தொங்கின. "பாட்டை மறந்துடுங்க, ஆட்டத்தையும் மறந்துடுங்க. வெட்டுங்க" என்றாள் கிரிசெல்தா.

நிக்கனோர் ஒரு தொடையை மரக்கட்டைமேல் போட்டார். டக்... டக் டக். டக்... டக் டக். கை தன்பாட்டுக்கு இறங்கியது. கிரிசெல்தா ஒரு காதில் வாக்மேனையும் மறு காதில் கத்தியையும் கேட்டபடி மயிரிழை மயிரிழையாகத் திருகினாள். பாட்டின் மேளம் கத்திக்கு முன்னால் ஓடியது, பக்கத்தில் வந்தது, கடைசியில் கத்தியோடு சேர்ந்தே விழுந்தது. சத்தம் போடாமல் ஹெட்போனை எடுத்து நிக்கனோரின் காதுகளில் மாட்டினாள்.

கத்தி நிற்கவில்லை. ஆனால் இடுப்பு அசையத் தொடங்கியது.

"மீசைக்காரன் வந்துட்டான்!" என்று அலறினார் நிக்கனோர்.

திருகு நகராமல் இருக்க கிரிசெல்தா அதன் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தாள். "தெரிஞ்சே நான் கெடுத்த முதல் மெஷின் இதுதான்" என்றாள். மனசு ஆறவில்லை.

மறுநாள் மண்டபத்தில் வாக்மேனை ஸ்பீக்கரில் சொருகினார்கள். அக்கார்டியன் வயிறு நிறைந்து அழுதது. நிக்கனோர் தோமித்திலாவின் கையைப் பிடித்தார். முதல் சுற்றில் கால்கள் பிசகவில்லை. இரண்டாவது சுற்றில் தோமித்திலாவின் புருவம் உயர்ந்தது. கிரிசெல்தா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

விட்ட மூச்சை உடனே திரும்ப இழுக்க வேண்டியதாயிற்று. நிக்கனோரின் வலது கை மெல்ல மேலே போனது. டக் என்று இறங்கியது. மறுபடி மேலே போய், டக் டக். மூன்று மாதப் பழக்கம், விடுமா? அவர் கல்யாண மண்டபத்தின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஆட்டை வெட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. யாதிரா முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டாள். தோமித்திலா அந்தக் கையையே உற்றுப் பார்த்தாள். பிறகு தன் கையை உயர்த்தி, தாளம் பிசகாமல் தானும் வெட்டினாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கூட்டத்தை அதட்டினாள். "புது அடவு! சம்பந்தி ரகசியமா வச்சிருந்திருக்கார்."

அடுத்த பாட்டில் மண்டபமே வெட்டியது. பாதிரியார்கூட மேசையில் இரண்டு வெட்டு வெட்டினார் என்கிறார்கள்.

திங்கட்கிழமை கிரிசெல்தா கடை திறக்க வரும்போதே வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் தோமித்திலா. கைப்பையிலிருந்து ஒரு வாக்மேனை எடுத்து நீட்டினாள்.

"இதைச் சரி பண்ணித் தா."

கிரிசெல்தா சோதனை கேசட்டைப் போட்டுப் பார்த்தாள். கூவல் இம்மி பிசகாமல் வந்தது. "இது சரியாத்தானே ஓடுது அம்மா?"

"அதைத்தான் சொல்றேன். போன மாசம் உன்கிட்டதான் குடுத்தேன். நீ சரி பண்ணினதிலேருந்து வீட்ல ஒருத்தரும் ஆடல."

கிரிசெல்தா சோதனை கேசட்டை வெளியே எடுத்து, மேசை இழுப்பறையின் அடியில் போட்டாள். அப்புறம் தெருப்பக்கம் எட்டிப்பார்த்து, எதிர்ச்சாரியில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டாள்.

"நிக்கனோர் அண்ணே! கொஞ்சம் வெட்டுங்க!"