வீரையனின் இடது கன்னம்

1

இந்தக் கதை பிறந்தது திருத்துறைப்பூண்டியில், ஊசி போடும் ஓர் அறையில். நர்சம்மா பஞ்சால் கையைத் துடைத்ததுமே "ஆ" என்று அலறிவிட்டேன். "இன்னும் குத்தவே இல்லீங்க" என்றார். வரப்போகிற தொடுகைக்கு மூளை முன்கூட்டியே பாய் விரித்து வைத்துவிடுமாம். பட்ட அவமானத்தை வீணாக்க மனமில்லாமல் கதையாக்குகிறேன்.

2

காவிரி நுரைத்துப் புரண்டு வந்த அந்த ஆடி மாதத்தில்

(வேண்டாம். எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

வீரையன், பண்ணையார் துரைராசுவின் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு உழுகிறவன். உழுகிறவன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்திருந்த சமயம். பெயர் ஏறினால் நிலத்தைவிட்டு அவனை லேசில் கிளப்ப முடியாது. ஏறாவிட்டால் அடுத்த நடவுக்கு வேறு ஆள். விசாரிக்கத் தாசில்தார் சாவடிக்கு வந்துவிட்டார்.

"யாருய்யா சாகுபடி பண்றது?"

வீரையன் வாயைத் திறந்தான். எதிரே நின்ற துரைராசு வலது கையைத் தூக்கினார். வீரையனின் இடது கன்னம் காந்தியது. கண் மூடியது, கூடவே வாயும் மூடியது.

பண்ணையார் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான்.

(அவர் அவனை அறைந்தது ஒரே தடவை, பதினோரு வருஷத்துக்கு முன். அதற்குப் பிறகு அந்த வேலையை வீரையனின் மூளையே சம்பளமில்லாமல் பார்த்துவருகிறது. அவன்மேல் எனக்குக் கோபம் வருகிறது. பஞ்சுக்கு அலறியவன் கோபப்படலாமா, தெரியவில்லை.)

3

முதல் முடிவு: வீரையன் நெஞ்சை நிமிர்த்தி, அடுக்குமொழியில் முழங்கி

(அந்தக் காலத்தில் ஊருக்கு நாலு பேர் அப்படிப் பேசினார்கள். இவன் அதில் சேர்த்தி இல்லை.)

இரண்டாவது முடிவு: பின்னால் நிற்கும் மனைவி பொன்னுத்தாய் அவன் இடுப்பில் நறுக்கென்று கிள்ளுகிறாள். காவல் மொத்தமும் கன்னத்தில் நிற்க, இடுப்பைக் கேட்பாரில்லை. "ஐயோ, நான்தாங்க" என்று துள்ளுகிறான். தாசில்தார் எழுதிக்கொள்கிறார்.

எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் எழுதிப் பார்த்தால் வீரையன் துள்ளவே மாட்டேன் என்கிறான். தனக்குத் தானே கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பு வருமா? அவன் இடுப்பும் நான் எழுதியது, அவள் விரலும் நான் எழுதியது. கிள்ளு வருவது அவனுக்கு முன்பே தெரிந்துபோகிறது.

"எழுதுறவரே," என்கிறாள் பொன்னுத்தாய், "எம்புட்டு நேரந்தான் நிக்கிறது? இந்த நெலத்த விட்டா எங்களுக்கு வேற போக்கு இல்லீங்க."

எனக்கு வெட்கமாக இருக்கிறது.

4

தாசில்தாரின் பேனா திறந்தே இருக்கிறது. "கடைசியாக் கேக்குறேன்" என்கிறார். துரைராசுவின் கை மறுபடி எழும்புகிறது. வீரையன் கண்ணை மூடிக்கொண்டான். நானும் மூடிக்கொள்கிறேன்.

அவன் இடுப்பு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. எப்போது கிள்ளப்போகிறீர்கள் என்று எங்களிடம் சொல்லிவிடாதீர்கள்.