துண்டுக்குள் கைதட்டு

எங்கள் வேதக்கோயிலில் ஆராதனையின்போது உயர்த்திய கை, கேட்டது கிடைத்த பிறகுதான் இறங்கும். அதனால் ஊரில் வீட்டு வாசல்களை எல்லாம் உயரமாகவே வைக்கிறோம். பரீட்சை முடிந்தால், பிள்ளை பெற்றவர்கள் பாதிப்பேர் கையைத் தூக்கிக்கொண்டுதான் கடைக்கு வருவார்கள். ரிசல்ட் வந்ததும் இறக்கிக்கொள்வார்கள்.

நான் தூக்கியதில்லை. நான் மாட்டுத் தரகன். முதலில் கையைக் காட்டுகிறவன் விலையை விட்டான் என்று அடிபட்டுப் படித்தவன்.

என் மனைவி சொர்ணபாய் இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். சபை இரண்டாக உடைந்த ஞாயிற்றுக்கிழமை அது. பாட்டுக்குக் கைதட்டலாம் என்று டெய்லர் தவசிமணி ஒரு பக்கம். கைகட்டித்தான் நிற்க வேண்டும் என்று ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஏசுவடியான் ஒரு பக்கம். ஒரே கோயிலில் ஒரே நேரத்தில் இரண்டு ஆராதனை நடந்தது. இரண்டும் ஒன்றாக வேண்டும் என்று கேட்டுத் தூக்கினாள்.

அவளுக்குச் சோறு ஊட்டினேன், தலை வாரினேன். பக்கத்து வீட்டுக்காரி அவள் மணிக்கட்டில் கயிறு கட்டி ஈரத்துணி காயப்போட்டாள். "காத்து நல்லா வருதுக்கா, அசையாம நில்லுங்க" என்பாள். எல்லாவற்றையும் பொறுத்தேன்.

பிறகு எங்கள் மகள் கிருபாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையை நீட்டினார்கள். சொர்ணபாய் குனிந்து கன்னத்தால் அதைத் தொட்டாள்.

"கையில வாங்குங்கம்மா" என்றாள் கிருபா.

"எப்படிட்டி வாங்குவேன்?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நேராகப் போய் தவசிமணியையும் ஏசுவடியானையும் கோயில் வாசலுக்கு இழுத்து வந்தேன்.

"எம் பொண்டாட்டி பேத்திய தூக்கணும். அவ என்ன கொடிக்கம்பமாவே நிக்கணுமா? இன்னைக்கு முடிச்சிட்டுத்தான் போறீங்க."

இரு கட்சி ஆட்களும் சுற்றி நின்றார்கள். ஆள் பார்க்கும்போது எந்த விலையும் படியாது. தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் மூன்று பேர் கைமேலும் போட்டேன். சந்தையில் அப்படித்தான். துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவோம். வாய் ஒன்று சொல்லும், விரல் ஒன்று சொல்லும், வெளியே ஒருத்தனுக்கும் தெரியாது.

இங்கே ஒரு விரல் என்றால், கைதட்டும்போது உள்ளங்கையில் படுகிற ஒரு விரல். தவசிமணி ஐந்தையும் வைத்தான். ஏசுவடியான் கையை மூடிக்கொண்டார்.

"சபை ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்லா!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். கத்திக்கொண்டே உள்ளே சுண்டுவிரலை நீட்டினார்.

"செத்தாலும் குறைக்க மாட்டேன்" என்று தவசிமணி மார்பைத் தட்டினான். துண்டுக்குள் அவன் கட்டைவிரல் மடங்கியது.

ஏசுவடியானின் அடுத்த விரலை நெம்பினேன். "சார்வாள், நல்ல மாடு, விட்டுறாதீங்க" என்றேன். இரண்டாவது வந்தது. மூச்சை இழுத்து மூன்றாவதையும் விட்டார். தவசிமணியின் விரல் ஒன்றைப் பிடித்து மடக்கினேன்.

"அண்ணாச்சி, வலிக்கி!"

"வலிச்சாத்தாம்ல யாவாரம்."

படிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டேன். எத்தனைக்குப் படிந்தது என்று யாரும் கேட்கவில்லை. துண்டுக்குள் பேசியதைக் கேட்பது மரியாதையில்லை. இரண்டு பேரும் தங்கள் ஆட்களிடம் போய், "நான் ஒரு இம்மியும் இறங்கலை" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஆராதனை. பாட்டு தொடங்கியதும் எல்லோரும் அந்த இரண்டு பேர் கையையே பார்த்தார்கள். ஏசுவடியான் கண்ணை மூடிக்கொண்டு, மூன்று விரலால் உள்ளங்கையைத் தட்டினார். தவசிமணியும் அப்படியே தட்டினான். பிறகு சபை முழுவதும் தட்டியது. ஓலையில் தூறல் விழுகிற சத்தம்.

சொர்ணபாயின் கைகள் இறங்கின. வழியில் எங்கும் நிற்காமல் நேரே கிருபாவின் மடிக்குப் போயின. பேத்தியை அள்ளி மார்பில் சாத்திக்கொண்டாள்.

"உங்களை மாதிரியே முறைக்கா, பாருங்க" என்றாள்.

"முறைக்கட்டும். பொழைச்சுக்கிடுவா."

அப்போது, அதுவரை இரண்டு ஆராதனையைச் சுமந்து நின்ற கோயில் கட்டடமே முழங்காலிட்டது. தரை பீடத்துப் பக்கம் சாய்ந்ததால் பெஞ்சுகளைப் பிடித்துக்கொண்டு மீதிச் சரணங்களைப் பாடினோம். போதகர் ஐயர் ஆசீர்வாதம் கூறினார். ஜன்னல்கள் வெளியே மண் மட்டத்துக்கு வந்திருந்தன. ஒவ்வொருவராக அவற்றின் வழியே வெளியேறி வீட்டுக்குப் போனோம்.