வெயில் திரைக்கு ஒரு இருட்டுப் படம்

அக்கா போட்ட கூச்சலில், நான் துடைத்துக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடி கையை விட்டு நழுவப் பார்த்தது. நான் வேலை செய்வது கண்ணாடிக் கடையில். எதிரே வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்க, போன் என் காதைக் கிழித்தது.

“எடுத்துட்டாங்கடி! என் கூஜா படத்தை எடுத்துட்டாங்க!”

“ஐயையோ, யாரு? திருடனா?”

“தேர்ந்தெடுத்துட்டாங்கன்னு சொல்றேன், மக்கு! கடைத்தெரு முனையில பெரிய திரை இருக்குல்ல, அதுல போடப்போறாங்க!”

அக்கா புகைப்படக்காரி. கல்யாணம், பிறந்தநாள் எல்லாம் எடுப்பாள். ஆனால் அவள் உயிர் கிடப்பது இருட்டுப் படங்களில். கறுப்புத் துணியை விரித்து, அதன்மேல் பழமோ பாத்திரமோ வைத்து, ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து எடுப்பாள். இந்தப் படத்தில் ஒரு பித்தளைக் கூஜா, பிளந்த மாதுளை, தலை கவிழ்ந்த ரோஜா, அவ்வளவுதான். ஒரு கலைக்கூடத்தின் கண்காட்சிக்கு அனுப்பியிருந்தாள். அவர்கள் அதைத் தங்கள் செல்போன் செயலியிலும் கடைத்தெருத் திரையிலும் காட்டப்போகிறார்களாம்.

கையோடு எனக்கும் அனுப்பிவைத்தாள். திறந்தேன். விரலால் தேய்த்தும் பார்த்தேன்.

“அக்கா, வெறும் கறுப்பா இருக்கு. படம் இன்னும் இறங்கலையா?”

“நாளைக்கு உனக்கு லீவுதானே, வீட்டுக்கு வா,” என்றாள்.

காலையில் போனேன். அவளுடைய அறை ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள். பெரிய கணினித் திரையில் அதே படம். நான் வாயைப் பிளந்து நின்றுவிட்டேன். கூஜாவின் விளிம்பில் வெளிச்சம் தேன் மாதிரி வழிந்தது. மாதுளை முத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது. பக்கத்தில் என் போனை வைத்துக் காட்டினேன். அதில் ஒரே கும்மிருட்டு.

அக்காவின் முகம் ஒரு நொடி சுண்டிப்போனது. அடுத்த நொடி கண் பளபளத்தது.

“புரிஞ்சிடுச்சுடி! இந்த ரூம் இருட்டு, ஸ்கிரீனும் பெருசு. நீ பார்த்தது வெளிச்சத்துல, குட்டி ஸ்கிரீன்ல. ஒரே படத்தை எல்லாத்துக்கும் அனுப்புனா எப்படி? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா செய்யணும்!”

முதலில் படம் முழுவதையும் வெளிச்சமாக்கினாள். பின்னால் இருந்த கறுப்புத் துணி அழித்த கரும்பலகை மாதிரி வெளுத்தது. அதை விட்டுவிட்டு, கூஜா விளிம்பையும் பழத்தையும் மட்டும் வெளிச்சம் கூட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினாள். ஒவ்வொரு தடவையும் நான் போனோடு வாசலுக்கு ஓடி வெயிலில் பார்ப்பேன்.

“முத்து தெரியுதா?”

“தெரியுது!”

“ரோஜா?”

“காம்பு மட்டும்!”

ஒருவழியாகப் போன் படம் அமைந்தது. செயலிக்கு அனுப்பிவிட்டோம்.

திரையில் படம் ஏறும் நாள் வந்தது. மாலையில்தான் திறப்பு, மதியமே சோதித்துப் பார்க்க வரச்சொன்னார்கள். அக்கா தன் கணினியோடு கட்டடத்துக்குள், திரையை இயக்கும் பெண்ணிடம் போய்விட்டாள். நானும் மாமாவும் தெருவில். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். லிஃப்ட் பழுதுபார்ப்பவர், வெளி ஆட்களிடம் அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

வெயில் வெளுத்து வாங்கியது. மூன்று மாடி உயரத் திரையில் படம் வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு குட்டை, நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு.

“ஒண்ணுமே இல்லக்கா!” என்று போனில் கத்தினேன்.

“இரு, முதல்ல எடுத்த மூலப் படத்தையே திறக்கிறேன். அதுல நிழலுக்குள்ள நிறைய இருக்கும். தூக்கவா?”

“தூக்கு!”

“இப்போ?”

“இன்னும்! கூஜா கழுத்து வந்துடுச்சு! ரோஜா இதழ் வருது! இன்னும் கொஞ்சம்... அக்கா, நிறுத்து!”

“என்னடி?”

“கூஜா வயித்துல யாரோ நிக்கிறாங்க.”

மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டார். “ஏய், அது நான்தானே?”

அவரேதான். பித்தளையில் வளைந்து, பனியனோடு, ஓர் ஆள் உயரத்துக்கு! படம் எடுத்தபோது ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்ப வெள்ளை அட்டை ஒன்றைப் பிடித்து நின்றிருக்கிறார். அக்காவின் அறையில் அது கறுப்போடு கறுப்பாகக் கிடந்தது. வெயிலுக்காகத் தூக்கியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

“அழிக்கச் சொல்லும்மா. ஊரே பார்க்கும்!” மாமா கெஞ்சினார்.

“அழிச்சிடுறேன், ரெண்டு நிமிஷ வேலை,” என்றாள் அக்கா. மௌஸ் தட்டும் சத்தம் இரண்டு தடவை கேட்டது, சட்டென்று நின்றது.

“அக்கா, இருக்கியா?”

“அவர் முகத்தைப் பாருடி.”

அப்போதுதான் கவனித்தேன். அட்டை ஆடாமல் இருக்க, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, உலகத்தையே தாங்குகிறவர் மாதிரி நின்றிருந்தார். கண் மட்டும் கேமராவுக்குப் பின்னால் இருந்தவள் மேல்.

“நான் கூஜாவைத்தானே பார்த்துட்டிருந்தேன்,” என்றாள் அக்கா. “போனை ஸ்பீக்கர்ல போட்டு அவர்கிட்ட நீட்டு. ஏங்க, இருக்கட்டுமே?”

“பனியனோடயா?”

“கோட்டு வரைஞ்சு விடவா?”

மாமா சிரித்துவிட்டார். “வேணாம், வேணாம். அப்புறம் யாருக்கும் அடையாளம் தெரியாது.”

கலைக்கூடத்தை நடத்தும் மேடத்துக்கும் அக்கா போன் போட்டுச் சொன்னாள். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சம்மதித்தார்.

மாலையில் திரை உயிர் பெற்றதும் பைகளோடு போனவர்கள் நின்றார்கள். யாரோ ஒருவர் கையை நீட்டி, “கூஜாவுக்குள்ள பாருங்க!” என்றார். அவ்வளவுதான், ஒட்டுமொத்தத் தெருவும் அண்ணாந்தது. சிலர் செயலியில் இருந்த படத்தைத் திறந்து, இதில் ஏன் ஆளைக் காணோம் என்று போனைச் சாய்த்தும் திருப்பியும் தேடினார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. என் கையைக் கிள்ளிக் கிள்ளி ரணமாக்கிவிட்டாள்.

எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர், “அதெல்லாம் கம்ப்யூட்டர்ல செஞ்சது. அப்படி ஒரு ஆளே இருக்க மாட்டான்,” என்று அடித்துப் பேசினார்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, எட்டுக் கடை தள்ளிக் கேட்கும் குரலில் கத்தினார்:

“நான்தாங்க அது! இந்தா, இங்கதான் நிக்கிறேன்!”