ஆர்லனின் உறை

கடைசிப் படுக்கையில் இருந்த அப்பாவின் உலர்ந்த உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோது மாரிட்டின் கைபேசி அதிர்ந்தது. அப்பாவின் கடைசி மாணவன் டெஸ்மாண்ட், ஆய்வுக்கூடத்திலிருந்து.

"சரிப்பட்டு வரலை. பிழை குறையவே இல்லை. அவர்கிட்ட நான் வந்து சொல்லட்டுமா?"

வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

அப்பா ஆர்லன் வாஸ்பர்க் முப்பது வருஷம் சாதாரணக் கணினிகளின் சிப்புகளுக்குக் கட்டமைப்பு போட்டவர். ஐம்பத்தெட்டு வயதில் அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு குவாண்டம் கணினிப் பக்கம் போனார். கிழவருக்குப் பொழுதுபோகவில்லை என்று மேடிசன் ஊரில் உடன் வேலை பார்த்தவர்களே சிரித்தார்கள். பன்னிரண்டு வருஷம் மாரடித்ததற்கு மிச்சம், அந்தக் கணினி கணக்கில் விடும் பிழைகளைக் குறைக்க வேண்டிய இந்த ஒரே ஒரு சிப். சோதிக்குமுன் அதைக் குளிரவைக்கவே இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளில்தான் அவர் பேச்சும் ஒன்றிரண்டு சொல்லாகக் குறைந்துபோனது.

தோற்றுப்போன செய்தியோடு அவரை அனுப்பிவைக்க மாரிட்டுக்கு மனம் வரவில்லை. காதருகே குனிந்தாள்.

"அப்பா, வேலை செய்யுதாம்."

அவர் கண் திறந்தார். "பிழை எவ்வளவு குறைஞ்சுது?"

பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுக்கிறவளுக்கு என்ன தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"பாதிக்குப் பாதி."

"பாதியா..." அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவள் கையை இரண்டு முறை தட்டிக்கொடுத்தார். மாலை நாலு மணிக்கு மூச்சு நின்றது. நிம்மதியாகத்தான் போனார் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், அவருடைய சாமான்களை எடுக்க ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். அங்கே அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. சோதனை தொடங்குமுன் ஆளுக்கொரு சீட்டில் முடிவு என்னவாகும் என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். தப்பாகச் சொன்னவர்கள் மற்ற எல்லோருக்கும் டோனட் வாங்கித் தர வேண்டும். இந்த முறை பிரிக்க யாருக்கும் கை எழவில்லை. அவள் வந்த பிறகுதான் டெஸ்மாண்ட் டப்பாவைத் திறந்தான்.

ஆறு சீட்டில் வேலை செய்யும் என்று இருந்தது. ஏழாவது, படுக்கையிலிருந்து அப்பா கொடுத்தனுப்பியது, அவருடைய நடுங்கும் எழுத்தில்.

'செய்யாது. கம்பிகள் ரொம்ப நெருக்கம். தள்ளித் தள்ளி வைத்து மறுபடி பாருங்கள்.'

மாரிட் சீட்டைக் கீழே வைக்கவில்லை. வேலை செய்யாது என்று தெரிந்துகொண்டேதான் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை டோனட் பெட்டியோடு வந்து நின்றாள். டெஸ்மாண்டுக்குப் புரியவில்லை.

"தப்பா எழுதினது நாங்க ஆறு பேர். நீங்க எதுக்கு வாங்கினீங்க?"

"நானும் அப்பாகிட்ட சொன்னேன். பாதிக்குப் பாதின்னு."

மேஜையில் சிப்பின் புது வரைபடம் விரித்திருந்தது, கம்பிகள் தள்ளித் தள்ளி. டெஸ்மாண்ட் அதைச் சற்று நகர்த்திப் பெட்டிக்கு இடம் செய்தான்.