காமு சொல்லாத பெயர்

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. மறைப்பானேன்? என் நண்பர் ஒருவர் என் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எபிரேய வேதத்தில் கடவுளின் பெயர் என்ற விஷயத்தை இரண்டு மணி நேரம் விளாசித் தள்ளினார். அவ்வளவு நேரமும் அவர் மனைவி நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எழுத உட்கார்ந்தபோது நண்பரை 1911ஆம் வருஷத்துக் கல்கத்தாவுக்கு நாடு கடத்திவிட்டேன். அங்கே போட்டால் தன்னை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார் என்ற தைரியம்தான்.

முதல் வரி: கங்கையின் மேல் மாலைச் சூரியன் தன் பொற்கதிர்களை...

போதும். கதையில் அவர் கிடர்பூர்த் துறைமுகத்துக் குமாஸ்தா; சூரியனைப் பார்க்க ஏது நேரம்? மறுபடி தொடங்குகிறேன்.

2

சுந்தரேசன் கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனிக் குமாஸ்தா. பாலிகஞ்சில் வாடகை வீடு. மனைவி காமு, ஒன்பது வயது மகள் ஜலஜா. பகலெல்லாம் சரக்குப் பட்டியல் எழுதுவார். வீட்டுக்கு வந்ததும் மகா பண்டிதர் ஆகிவிடுவார். தமிழ் உத்தியோகஸ்தர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பேச ஒரு சபை வைத்திருந்தார்கள். (ஒருவர் பேச, மற்றவர்கள் தங்கள் முறை எப்போது வரும் என்று காத்திருப்பதற்குப் பெயர் சபை.) அடுத்த ஞாயிறு சுந்தரேசன் முறை. பாதிரிகளை ஒரு கை பார்த்துவிடுவது என்று தீர்மானித்திருந்தார்.

அந்த வாரம் ஜனக்கணக்கு எடுக்க ஒரு வங்காளி வாத்தியார் வந்தார்.

"கர்த்தார் நாம் கீ?" வீட்டு எஜமானர் பெயர் என்ன என்று கேட்டார்.

காமு உள்ளே திரும்பி ஜலஜாவைக் கூப்பிட்டாள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. ஜலஜா ஓடி வந்து சொன்னாள். இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று அடுத்த கேள்வி.

"பியே ஹொய்னி!" ஆகவில்லை என்று ஜலஜாவே சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வாத்தியார் கறுப்பு மையில் எழுதிக்கொண்டார். மார்ச் பத்தாம் தேதி மறுபடி வருவாராம். அதற்குள் ஏதாவது மாறியிருந்தால் சிவப்பு மையில் திருத்துவாராம்.

[அடிக்குறிப்பு: யூதர்களும் தங்கள் கடவுளின் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. சுந்தரேசன் தன் பிரசங்கத்தில் இதை 'விசித்திரமான வழக்கம்' என்று குறித்து வைத்திருந்தார்.]

3

மன்னார்குடியிலிருந்து சுந்தரேசனின் அண்ணா எழுதியிருந்தார். ஜலஜாவுக்கு வரன் பார்த்தாயிற்று. பையனுக்கு வயது இருபத்தெட்டு, இரண்டாந்தாரம், நல்ல நிலபுலன். மாசி பத்தாம் தேதி (இங்கிலீஷ் கணக்கில் பிப்ரவரியிலேயே) முகூர்த்தம். சம்மதத்தை மறு தபாலில் எழுதவும்.

('பையன்' என்பது அண்ணாவின் சொல். என் தலையில் கட்டாதீர்கள்.)

ஜலஜாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று சுந்தரேசன் காமுவிடம் சொல்லியிருந்தார்: "பன்னண்டு வயசு ஆகாம இவ கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டேன். நான் சொன்னா சொன்னதுதான்."

இப்போது கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "எழுதிடறேன்" என்றார். என்ன எழுதுவார் என்று சொல்லவில்லை.

இந்த இடத்தில் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. மனிதரை இவ்வளவு கோழையாக்க வேண்டுமா? ஒரு நல்ல குணமாவது கொடுப்போமே என்று, மகளை மடியில் உட்காரவைத்துக் கொஞ்சுவதாக ஒரு பத்தி எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். மடியில் வைத்துக் கொஞ்சியவர்கள்தானே அத்தனை பேரும் கட்டிக்கொடுத்தார்கள்.

4

வெள்ளிக்கிழமை காலை. காமு வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். சுந்தரேசன் அவளுக்கு எதிரே நின்று ஒத்திகை பார்த்தார்.

"கேளுடி. மோசேகிட்ட அந்தக் கடவுள் சொல்றார், உன் முன்னோர்களுக்கு நான் தரிசனம் குடுத்தேன், ஆனா இந்தப் பேரால அவா என்னை அறியலைன்னு. ஆதியாகமத்தைப் புரட்டினா, அந்த முன்னோர்களே அதே பேரைச் சொல்லிக் கும்பிடறா! பச்சைப் புளுகு. பாதிரி என்ன பதில் சொல்லுவான்?"

"அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?"

"இருக்கிறவன்னு சில பேர். ஆக்கறவன், சொன்னதை நடத்திக் காட்டறவன்னு சில பேர். அது கிடக்கட்டும்."

"முன்னோர்களுக்கு என்ன சொல்லியிருந்தார்?"

"உங்க வம்சத்துக்கு ஒரு தேசம் தரேன்னார்."

"குடுத்தாரா?"

"அவா காலத்துல இல்லை."

"அப்போ பேரைக் கேட்டிருக்கா, அவ்வளவுதான். அர்த்தத்தைக் கண்ணால பார்க்கலை." காமு இன்னொரு மடலை உரித்தாள். "எனக்கும் உங்க பேர் கல்யாணப் பத்திரிகையிலேயே தெரியும். மன்னார்குடிக்கு எழுதியாச்சா?"

"எழுதிடறேன்னு சொன்னேனே!"

5

ஞாயிற்றுக்கிழமை சபையில் 'புளுகு' என்ற சொல்லே இல்லை.

"பெயரைக் கேட்பது வேறு, அறிவது வேறு. கொடுத்த வாக்கு நிறைவேறும் நாளில்தான் பெயர் அறியப்படுகிறது. இது அடியேனுடைய எளிய கண்டுபிடிப்பு!" என்றார் சுந்தரேசன்.

"அபாரம் ஓய்!" என்றார் ஒருவர். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பக்கத்து அறையில் பெண்களோடு உட்கார்ந்திருந்த காமுவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. மகளுக்காக அவள் சொன்ன வார்த்தையை எடுத்துக்கொண்டுபோய்க் கைதட்டல் வாங்கிவிட்டாரே!

வீட்டுக்கு வந்ததும் அவள் மேஜையைப் பார்த்தாள். 'அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் சௌக்கியம்.' அதற்குக் கீழே காகிதம் வெள்ளையாகவே கிடந்தது.

6

முடிவு ஒன்று: 'முடியாது' என்று எழுதுகிறார். அண்ணா உறவை அறுத்துக்கொள்கிறார்.

முடிவு இரண்டு: 'தங்கள் சித்தம்' என்று எழுதுகிறார். மன்னார்குடியில் ஜாம்ஜாமென்று கல்யாணம். முடித்துக்கொண்டு மூவரும் கல்கத்தா திரும்புகிறார்கள்.

காமுவே அண்ணாவுக்கு எழுதுவதாக மூன்றாவது ஒன்றும் வைத்திருந்தேன். நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். ஆனால் அந்தக் கடிதம் மன்னார்குடியில் நேரே அடுப்புக்குத்தான் போகும். அது எனக்கும் தெரியும், காமுவுக்கும் தெரியும்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இவ்வளவுதான். மார்ச் பத்தாம் தேதி, விளக்கு வைக்கும் நேரம். வாத்தியார் வந்து நோட்டைப் பிரித்தார்.

"கர்த்தார் நாம் கீ?"

ஜலஜா வாயைத் திறப்பதற்குள் காமு அவள் தோளில் கை வைத்தாள்.

"சுந்தரேசன்," என்றாள் காமு.

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். எந்த முடிவானாலும் அவள் இந்தப் பெயரைச் சொல்லியிருப்பாள். வாக்கைக் காத்தாரோ விட்டாரோ, அதன் அர்த்தத்தை இப்போது கண்ணால் பார்த்துவிட்டாள்.

வாத்தியாரின் விரல் ஜலஜாவின் வரிக்கு இறங்கியது. சிவப்பு மைப்புட்டி திறந்திருக்கிறது. என்னைக் கேட்டால் நானும் "எழுதிடறேன்" என்றுதான் சொல்வேன். நண்பர் மனைவி நிற்க, நானும் அந்த மாதிரிச் சபையில் உட்கார்ந்திருந்தவன்தானே. அதனால் பேனாவை உங்களிடம் கொடுக்கிறேன். சீக்கிரம். ஜலஜா பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.