கல் தோட்டத்துச் சிவப்புக் கதிர்

வாழ்நாளில் எந்தச் செடிக்கும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியறியாத மனுஷன் அந்த லேத் பட்டறைக்காரர். அவரைப் போய்ப் பூவுக்குக் காவல் வைத்துவிட்டுப் போனாள் அவர் மனைவி!

காய்ச்சலில் அவள் சுருண்டு கிடந்து, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்டதுகூடக் காதில் விழாமல் பட்டறையே கதியென்று இருந்தவர். உடம்பு தேறியதும் அவள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது, வாசல் சரளைக் கல்லுக்கு நடுவே படிந்து கிடந்த சாம்பல்நிற இலைக் கொத்தைக் காட்டினாள்.

"முதல் வருஷம் இது வெறும் இலைதான். அடுத்த வருஷம் ஆள் உயரத்துக்கு ஒரே கதிர், முழுக்கச் சிவப்பாப் பூக்கும். அதோட செத்துரும். பூத்தா கூப்பிடுங்க, வந்து பார்க்கிறேன்."

அவள் வருவாள் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷன் உயிரோடிருந்தார். ஆளில்லாத வீடு அவரைத் தின்றது. மறு கோடையில் கதிர் கிளம்பி மொட்டுக் கட்டியதும் போனைப் போட்டார். "பதினஞ்சு நாள்ல பூத்துரும். அப்ப வர்றேன்" என்றாள்.

அன்றைக்கு உச்சி வெயிலில் இலை கொஞ்சம் துவண்டது. அவ்வளவுதான், அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹோஸைப் பிடித்தார். இலை மஞ்சளானது, இன்னும் ஊற்றினார்.

"என்னங்க, மீன் வளர்க்கப் போறீங்களா?" என்று எதிர்வீட்டு டெய்லர் கிண்டலடித்தார். காதில் விழுந்தால்தானே!

அவள் வரும் நாள் காலையில் கதிர் சாய்ந்து கிடந்தது. அடித்தண்டு அழுகிக் கூழாகியிருந்தது. ஐயோ, பாவி மனுஷன்! இரும்புக் கம்பியை நட்டு, கதிரை நிமிர்த்திக் கட்டினார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நில்லு தாயே" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

அவள் வந்தாள். பையைக்கூட இறக்கிவைக்காமல் கதிரைத் தொட்டாள். அடி பிய்ந்து கையோடு வந்தது.

"தண்ணி ஊத்தினீங்களா?"

"ரெண்டு வேளையும். ஒரு நாள் தவறல."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "திரும்பிக்கூடப் பார்க்காம விட்டாலும் பிழைக்கிற செடிங்க இது. உங்ககிட்ட விட்டுட்டுப் போறதுக்குன்னே தேடிப் பிடிச்சு வச்சேன். நீங்க எப்பவும்போல இருந்திருந்தாலே பூத்திருக்கும்."

திரும்பி நடந்தாள். அவர் பதறிக்கொண்டு பின்னால் ஓடினார். "வெயில்ல வந்திருக்கே, ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போம்மா!"

"அன்னிக்குக் கேட்டேங்க" என்று சொல்லிவிட்டு அவள் கேட்டைச் சாத்தினாள்.