கோதுமையா, கறுப்பா

கணவரின் இமைகளைத் தடவி மூடப்போன அண்ணனின் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ணா. மூடிடாதன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்."

காலையில் வேலைக்குக் கிளம்பி, ஷூ லேஸைக் கட்டக் குனிந்த கணவர் அப்படியே சாய்ந்தார். தலையைத் தூக்கி மடியில் வைத்தபோது, "மூடிடாத" என்றார். அவ்வளவுதான். எதை என்று கேட்பதற்குள் முடிந்துவிட்டது. டாக்டர் வந்து போன பிறகும் அவள் வாசற்கதவை, ஜன்னலை, பீரோவை, எதையும் மூடவிடவில்லை. அண்ணன் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

கணவருடைய கூட்டாளியான பேக்கரிக்காரர் வந்ததும் அவரிடமும் சொன்னாள்.

"சமீபத்துல பீர் ஏதாவது காய்ச்சினாரா அண்ணி?"

"முந்தாநாள்."

பின்னறையில் பெரிய கண்ணாடி ஜாடி இருந்தது. அதன் வாயிலிருந்து வந்த குழாய் ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"இதைத்தான் சொல்லியிருப்பார். பொங்கி அடங்கறதுக்குள்ள இறுக்கி மூடினா வெடிச்சிடும்."

"இத்தனை வருஷம் கூட இருந்தவகிட்ட, போற நேரத்துல பீரைப் பத்தியா சொல்லுவார்?"

அவள் கூடத்துக்குப் போய், "சரிண்ணா, கண்ணை மூடிடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். சொன்னது சரியா என்று தெரியவில்லை.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழும்தான் பயணம். ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. ஆனால் மாதம் ஒரு பீர் காய்ச்சுவார். குளிர்ந்த குகைகளில் மாதக்கணக்கில் கிடந்து தெளிந்தது லாகர் என்ற வகை, கோடையில் வயலில் வேலை செய்தவர்களுக்காகப் பண்ணைவீடுகளில் காய்ச்சியது இன்னொன்று என்று அடுப்படியில் நின்றபடி சொல்லிக்கொண்டே இருப்பார். அவள் ஒரு சொட்டும் குடித்ததில்லை. கதைகளை மட்டும் கேட்டுக்கொள்வாள்.

"இது எந்த வகை?" என்று கேட்டாள்.

"கோதுமை பீர். என்கிட்ட அப்படித்தான் சொன்னார்."

"என்கிட்ட கறுப்பு பீர்னாரே. மூட்டை தூக்கறவங்க குடிச்சு, போர்ட்டர்னு அவங்க பேரே அதுக்கு வந்ததாமே, அது. எங்கப்பா மூட்டை தூக்கினவர்னு எனக்காகவே போடறேன்னார்."

இருவரும் உட்கார்ந்து குனிந்து பார்த்தார்கள். வெளுப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. செம்மண் தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது.

"ரெண்டு பேர்ல யார்கிட்டயோ பொய் சொல்லியிருக்கார்" என்றார் பேக்கரிக்காரர்.

"ரெண்டு பேர்கிட்டயுமேகூட இருக்கலாம்."

அவர் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தார். அவளும் கை நீட்டி வாங்கி வைத்துக்கொண்டாள். இனிப்பு, கூடவே ஒரு கசப்பு.

"ஒண்ணும் புரியலை அண்ணி. இன்னும் ஆகலை. பேசாம கொட்டிடவா?"

"இருக்கட்டும்."

கூடத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். பேக்கரிக்காரர் முன்னால் போனார். அவளுக்கு எழுந்திருக்க ஒரு பிடி வேண்டியிருந்தது. ஜாடியின் மேல் கையை ஊன்றினாள். அது இன்னும் பொங்கிக்கொண்டு, வெதுவெதுப்பாக இருந்தது.

மறுபடியும் கூப்பிட்டார்கள். அவள் இன்னொரு கையையும் அதன்மேல் வைத்தாள்.